கொடுத்தாளா, பெற்றாளா?

தாய் பிள்ளைக்குப் பிறப்பைக் கொடுக்கின்றாள் என்பது ஆங்கில வழக்கு. தாய் பிள்ளையைப் பெறுகின்றாள் என்பது தமிழ் வழக்கு. நிகழ்ந்தது ஒன்றே, பட்ட நோவும் ஒன்றே, வீரிட்டு அழுத குழந்தையும் ஒன்றே. அவ்வாறிருக்க, ஒரு சாரார் கொடுத்தல் என்று கண்டதை மற்றொரு சாரார் பெறுதல் என்று கண்டது எங்ஙனம்? இவ்வினா எம்மைப் பல ஆண்டுகளாகப் பிடித்தாட்டுகின்றது. மலர்க் குழுவினர் எதையேனும் எழுதித் தருமாறு கேட்டபோது இதனையே எழுதத் துணிந்தோம். ஆண்பிள்ளைகள் பயின்ற கல்லூரியின் மலரிலே மகப்பேறு பற்றிய கட்டுரையா என்று பழைய மாணவ நண்பர் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அவர்களும் ஒருத்தி வயிற்றிலிருந்து வந்தவர்களே.

வெள்ளவத்தையிலே நாம் கற்பிக்கும் வகுப்பில் 'என் அன்னை' என்னும் பொருள்பற்றிக் கட்டுரை எழுதப் பணிப்பது ஆண்டுதோறும் நடைபெறும் காரியம். பத்து மாதம் சுமந்து பெற்ற தாய் என்று தொடங்குவதே மாணவரின் நெடுநாள் வழக்கம். அது தேய்ந்த தொடர்தான். ஆயினும் தமிழ்த் தொடர். அண்மையில் ஒரு மாணவன் 'எனக்குப் பிறப்புக் கொடுத்த அம்மா' என்று எழுதியிருந்தான். வீட்டிலே ஆங்கிலம் பேசி, ஆங்கிலத்திலே கதை படித்து வளரும் பிள்ளை. சிவப்பு மையினால் கோடிட்டோம். அவன் எழுந்து, "ஏன் சேர் பிழை? அம்மாதானே தந்தவ? அவ எதைப் பெற்றவ?" என்று கேட்டான். மரபு அன்று என்று சொல்லி அவனை இருத்திவிடலாம். ஆசிரிய கலாசாலையிலே நாம் கற்றுவந்த விடையும் அதுவே. ஆனால், கேட்டவன் பிள்ளை. கேட்டது பெரிய கேள்வி. மறுநாள் விடை தருகின்றோம் என்றோம். அன்றிரவு அகராதிகளை விரித்தோம். அவனுக்கு மறுநாள் சொன்னதும், பின்னர் நாமே சேர்த்துக்கொண்டதும் இக்கட்டுரை என்க.

ஆங்கிலத் தொடரை முதலில் நோக்குவோம். 'கிவ் பேர்த்' என்பதிலே கொடுத்தல் வெளிப்படை. கொடுக்கப்படும் பொருளாகிய 'பேர்த்' என்னும் சொல், ஸ்கந்திநேவிய மொழி வழியாக ஆங்கிலத்துட் புகுந்தது என்பர் சொற்பிறப்பு ஆய்ந்தோர். அதன் அடி, சுமத்தல் என்னும் பொருளுடைய 'பெயார்' என்னும் ஆங்கில வினையோடு ஒரே வேரினது. பிறந்தான் என்பதற்கு ஆங்கிலர் சொல்லும் 'போர்ன்' என்பதும் அவ்வினையின் இறந்தகால எச்சமே. நேர்ப்பொருள் கொண்டால் அவன் சுமக்கப்பட்டவன். வடமொழியிலிருந்து நாம் எடுத்து வழங்கும் பாரம் என்னும் சொல்லும், தாங்குவோன் என்ற கருத்தில் கணவனைக் குறிக்கும் பர்த்தா என்னும் சொல்லும் இதே குடும்பத்தன. ஆகவே ஆங்கிலத் தாய் கொடுக்கின்ற பொருளின் உள்ளே ஒரு பாரம் ஒளிந்திருக்கின்றது. சுமந்தவள், சுமந்ததைக் கொடுக்கின்றாள். எம் மாணவன் அத்தொடரைத் தமிழாக்கியபோது சொல் மாத்திரம் கரையேறியது. சுமை அக்கரையிலேயே தங்கிவிட்டது. பிறப்பு என்னும் தமிழ்ச் சொல்லில் சுமத்தற் பொருள் இல்லை. அது பிறக்கின்றவனுடைய சொல், தாயினுடையதன்று. கன்மத்துக்கு ஈடாக உயிர் எடுப்பது பிறப்பு என்று சைவர் கூறுவர். எழுபிறப்பும் அவ்வுயிருக்கு உரியன. தாய் அவற்றை வைத்திருந்து கொடுப்பவள் அல்லள்.

ஸ்பானியர் சொல்வது இன்னும் அழகியது. அவர்களுடைய தாய் பிள்ளையை ஒளிக்குக் கொடுக்கின்றாள். 'தார் அ லூஸ்' என்பது தொடர். இருளிலே இருந்ததை வெளிச்சத்தின் கையில் ஒப்படைக்கின்றாள். பிரெஞ்சுக்காரர் பிள்ளையை உலகிலே வைத்தல் என்றும் சொல்வர். இவை எல்லாவற்றிலும் தாய் கொடுப்பவளாக, வைப்பவளாக நிற்கின்றாள். வினை அவளுடையது. அதனை இங்கே குறித்துக்கொள்வோம். அடுத்த சொல்லிலே அது பறிபோகப் போகின்றது.

அடுத்த சொல் 'டெலிவர்'. கொழும்பிலே இப்பொழுது தமிழ்ப் பெண்டிர் வாயில் இதுவே வழங்குகின்றது. "அவவுக்கு எப்ப டெலிவரி?" என்று ஒருவர் வினவ, "வாற மாசம் நடுவிலை" என்று மற்றவர் விடை சொல்லுவதை காலி வீதிப் பேருந்துகளிலே கேட்கலாம். அதே வீதியில் அதே சொல்லைச் சொல்லிக்கொண்டு ஓர் இளைஞன் மோட்டார்ச் சைக்கிளில் சோற்றுப் பொதி கொண்டு ஓடுகின்றான். இரண்டும் ஒரே சொல்லா என்று மயங்கவேண்டா. ஒரே சொல்தான். ஆனால், பிள்ளைப்பேற்றுக்கு அச்சொல் வந்த வழி பொதி கொண்டுசெல்லும் வழி அன்று. இலத்தீன் மொழியில் விடுவித்தல் என்னும் பொருளுடைய வினை, பழைய பிரெஞ்சின் ஊடாக ஆங்கிலத்துக்கு வந்து 'டெலிவர்' ஆயிற்று. விடுதலையைக் குறிக்கும் 'லிபர்ட்டி' அதன் உடன்பிறப்பு. பழைய ஆங்கிலர் 'பெண் பிள்ளையினின்று விடுவிக்கப்பட்டாள்' என்றே எழுதினர். விடுவிக்கப்பட்டது குழந்தை அன்று; தாய். நோவினின்றும், சாவினின்றும் அவள் விடுபட்டாள்.

அக்காலத்தில் அச்சொல்லுக்கு இருந்த பாரம் பெரிது. இந்நாட்டிலேயே 1930களில் 1,00,000 பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். ஐம்பது பேறுகளுக்கு ஒரு தாய் என்ற கணக்கு. இந்த நூற்றாண்டில் அத்தொகை 30, 40 என்ற அளவுக்கு இறங்கியது. 1926இல் களுத்துறையிலே தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடுவீடாகச் சென்ற பயிற்றப்பட்ட மருத்துவமாதரும், பள்ளிக்கூடம் கண்ட பெண்களும் அதற்குக் காரணர். பிள்ளை பெறுதல் பெண்ணுக்கு மறுபிறப்பு என்று எம் பாட்டியார் சொன்னது அலங்காரம் அன்று. அவர் தம் தெருவிலே எண்ணிப் பார்த்துச் சொன்னது.

விடுவிக்கப்பட்டவள் தாய் என்றிருந்த தொடர் காலப்போக்கிலே திரிந்தது. பிள்ளையைத் தாய் 'டெலிவர்' செய்தாள் என்றாயிற்று. பின்னர், பிள்ளையை வைத்தியர் 'டெலிவர்' செய்தார் என்றும் ஆயிற்று. இப்போது எழுவாய் வைத்தியர், செயப்படுபொருள் குழந்தை. நோக்காடு பட்டவள் எங்கே? வாக்கியத்திலே அவளுக்கு இடமே இல்லை. மேல்வகுப்பு மாணவருக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சியாக இவ்வாக்கியத்தை ஒருமுறை கொடுத்தோம். ஒருவன் 'வைத்தியர் குழந்தையை விநியோகித்தார்' என்று எழுதினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. மற்றொருவன் 'வைத்தியர் குழந்தையைப் பிரசவித்தார்' என்று எழுதினான். எவரும் சிரிக்கவில்லை. எமக்கு முன்னையதினும் பின்னையதே அச்சம் தந்தது. பிரசவித்தல் என்பது வடசொல். 'சூ' என்னும் அடி அதனுள் உண்டு. ஈனுதல் என்பது அதன் பொருள். ஆங்கிலர் மகனைச் சொல்லும் 'சன்' என்னும் சொல்லும் அதே தொன்மையான அடியினின்றே வந்தது. அவ்வினையைப் பெற்ற தாய்க்கன்றி வேறு எவருக்கும் சூட்டுதல் ஆகாது. சூட்டினால் மீசை வைத்த வைத்தியர் பிள்ளை ஈன்றவர் ஆவார். இத்தகைய வாக்கியங்களை அச்சிலும் கண்டதுண்டு.

இவ்விடத்திலே சைவர்க்குத் திருச்சிராப்பள்ளி நினைவுக்கு வரவேண்டும். அத்தலத்து இறைவர்க்குத் தாயுமானவர் என்று பெயர் வந்த கதையை அறியாதார் எம் அன்பருள் இலர். வணிக குலத்துப் பெண்ணாகிய இரத்தினாவதிக்குப் பேறுகாலம் நெருங்கியது. துணைக்கு வரவேண்டிய தாய் காவிரி பெருகியமையால் அக்கரையிலே தடைப்பட்டு நின்றாள். மகள் இறைவனை நினைந்து அழுதாள். இறைவன் அவள் தாயின் வடிவு கொண்டு வந்து, பக்கத்திலே இருந்து மருத்துவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது வீட்டிலே இரண்டு தாயர். பின்னர் ஒருவர் மறைந்தார். கதையிலே எம்மை ஆட்கொள்வது ஒரு சிறு இலக்கணச் செய்தி. பேறு பார்த்தவர் முழுமுதற் கடவுள். இருந்தும் பிள்ளையைச் சிவபெருமான் பிரசவித்தார் என்று எவரும் சொல்லவில்லை. பெற்றவள் இரத்தினாவதி. பக்கத்திலிருந்து பார்த்தவர் இறைவர். அதற்காக அவருக்குக் கிடைத்த பட்டமும் வைத்தியர் என்பதன்று; தாய் என்பது. கடவுளுக்கே கொடாத வினையைக் கொழும்பு வைத்தியருக்குத் தமிழிலே கொடுப்பானேன்?

மருத்துவம் பார்த்தார் என்று மேலே எழுதினோம். அச்சொல்லும் ஆராயத் தக்கதே. யாழ்ப்பாணத்து முதியோர் வாயில் நோய் தீர்ப்பவர் பரிகாரியார். பேறு பார்ப்பவள் மருத்துவிச்சி. மருத்துவம் என்றாலே பிள்ளைப்பேறு பார்த்தல் என்று பொருள்படும் வழக்கமும் இருந்தது. தமிழகராதிகள் அப்பொருளையும் குறித்துள்ளன. நோய் தீர்க்கும் பெருங்கலை முழுவதற்கும் இன்று வழங்கும் பெயர், குப்பி விளக்கின் ஒளியிலே திண்ணை அறையில் குந்தியிருந்த அம்மூதாட்டிக்கும் உரிமையானது. மானிப்பாயிலே பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் கிறீன், தமிழிலே மேனாட்டு வைத்தியம் கற்பிக்க நூல்கள் பலவற்றைப் பெயர்த்தபோது, பிள்ளைப்பேற்று நூலையும் முற்படவே பெயர்த்து அச்சிட்டார். அறிவியலைத் தமிழிலே சொல்லவியலாது என்று இன்றும் கூறுவார் அதனை எண்ணிப் பார்க்கலாம்.

ஆங்கிலத்திலே 'லையிங்-இன்' என்று வேறொரு தொடர் உண்டு. பேற்றுக்காகப் படுத்திருத்தல் என்பது அதன் பொருள். பெற்றவள் பல நாள் எழுந்து நடமாடாது கிடந்த காலத்தின் பெயர் அது. டப்ளின் நகரத்திலே 1745இலும், சென்னை எழும்பூரிலே 1844இலும் தோன்றிய மகப்பேற்று வைத்தியசாலைகள் அப்பெயராலேயே வழங்கின. கொழும்பிலே வள்ளல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா அவர்களின் கொடையால் 1879இல் திறக்கப்பட்டதும் டி சொய்சா 'லையிங்-இன்' மனையே. பின்னர் அது பெருகிப் பெண்கள் வைத்தியசாலை ஆயிற்று. 1950இலே காசல் வீதி வைத்தியசாலையும் வந்தது. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உள்ள தமிழரில் எத்தனையோ பேர் இவ்விரண்டிலும் பிறந்தவர்கள். ஆனால், 'லையிங்-இன்' என்னும் தொடர் அவர்கள் நாவில் ஏறவேயில்லை. ஏறாமைக்குக் காரணம் எளிது. படுத்திருக்கும் காலத்துக்கு எம்மவர் வேறு பெயர் வைத்திருந்தனர்: துடக்கு. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழியும்வரை சரக்கரைத்துக் கொடுத்து, வேதுநீர் வார்த்து, தாயை ஒரு மூலையில் இருத்துவர். துடக்கு என்னும் பெயரிலே எமக்கு மனநிறைவு இல்லை என்பதைச் சொல்லிவைக்கின்றோம். ஆயினும், அவள் ஓய்வுக்கு வேலி கட்டியது அப்பெயரே.

இனி, பெறுதல். இது தமிழுக்கு மாத்திரம் உரிய கருத்து என்று தோள் தட்டவேண்டா. மலையாளத்தார் பெற்றம்ம என்பர். கன்னடத்தார் பகரத்தை ஹகரமாக்கி ஹெத்த தாயி என்பர். ஆகவே இம்மொழிகள் பிரிவதற்கு முன்னரே இவ்வினை பிள்ளைப்பேற்றைக் குறித்திருத்தல் வேண்டும். எம் அயலவராகிய சிங்களவரும் 'ளமயெக் ஹம்ப வுணா' என்பர். பிள்ளை கிடைத்தது என்பது பொருள். பிள்ளை கிடைத்தது என்று கொழும்புத் தமிழிலும் கேட்கின்றோம். ஒரு நுட்பம் நோக்குக. கிடைத்தது என்னும்போது தாய் சும்மா இருக்க வந்து சேர்ந்தது போன்ற தொனி. பெற்றாள் என்னும்போது வினை அவளுடையது. பரிசு பெற்றான், பட்டம் பெற்றான் என்பனவும் அவ்வாறே. ஓடியவன் பெறுகின்றான், உழைத்தவன் பெறுகின்றான். பெறுதல் சும்மா இருந்து ஏற்றல் அன்று.

ஆங்கிலருக்கும் இக்கருத்து ஒருகாலத்தில் இருந்தது என்பதே எமக்கு வியப்பளித்தது. 'பிகெற்' என்று ஒரு வினை அவர்க்கு உண்டு. முயன்று அடைதல் என்பது அதன் பழம்பொருள். அதனுள்ளே இருப்பது பெறுதலைக் குறிக்கும் 'கெற்' என்னும் சொல்லே. ஆனால், அவர்கள் அதனைப் பெரும்பாலும் தந்தைக்கே உரிமையாக்கிவிட்டனர். தந்தை பெற்றான், தாய் சுமந்தாள் என்பது அவர்கள் செய்த பாகப்பிரிவினை. அவ்வினை இன்று பழைய வேதாகமத்தின் வம்ச அட்டவணைகளிலேயே பெரிதும் வாழ்கின்றது. தமிழோ பாகம் பிரிக்கவில்லை. பெற்றோர் என்றால் இருவரும். இலத்தீன் வழிவந்த 'பேரன்ற்' என்னும் சொல்லும் ஈன்றவர் என்னும் பொருளினதே. தாய்க்கு மாத்திரம் உரிய வினை தமிழிலே ஈனுதல். பொன்முடியார் பாடிய புறப்பாட்டிலே ஈனுதல் தாயின் கடனாகச் சொல்லப்படுகின்றது. தந்தையின் கடன் வேறு. வாழை ஈனும், பசு ஈனும், தாய் ஈனுவாள். அது உடலின் தொழில். பெறுதல் அதற்கு மேலும் ஒரு படி சென்று, வந்ததை எமக்குரியது என்று ஏற்றுக்கொள்வது. திருக்குறளின் ஏழாம் அதிகாரத்துக்கு மக்கட்பேறு என்றும் புதல்வரைப் பெறுதல் என்றும் பெயர் வழங்குகின்றதேயன்றி, ஈனுதல் என்று எவரும் பெயரிடவில்லை.

"அவ எதைப் பெற்றவ?" என்று கேட்ட மாணவனுக்கு மறுநாள் சொன்னது இதுதான்: "உன்னை." அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அப்ப எனக்கு ஒரு பெறுமதி இருக்கெண்டு அர்த்தம்" என்றான். பெறுமதி என்பது இந்நாட்டுத் தமிழர் விலைமதிப்புக்கு வழங்கும் சொல். கடைச் சிட்டையின் அடியிலே பெறுமதி சேர்க்கப்பட்ட வரி என்று அச்சடித்து எம் பையிலிருந்து பறிக்கின்றார்களே, அதே பெறுமதி. பிள்ளை தானாகவே சொற்குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டான். புள்ளி சேர்த்துக் கொடுத்தோம்.

பேறு என்னும் பெயர் எவ்வளவு தூரம் செல்கின்றது என்பதையும் பார்க்கவேண்டும். பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று மணமக்களை வாழ்த்துகையில் பந்தியிலே சிலர் சிரிப்பர், பதினாறு பிள்ளைகளா என்று. பதினாறு பேறுகளில் நன்மக்கள் ஒன்று; கல்வி, வாழ்நாள், நோயின்மை முதலியன ஏனைய. இவற்றுக்கெல்லாம் அப்பாற்பட்டது வீடுபேறு. வீடு என்பது விடுதலை. ஆங்கிலத் தாய் பிள்ளையினின்று விடுவிக்கப்பட்டாள். தமிழ்த் தாய் பேறு பெற்றாள். விடுதலையையும் பேற்றையும் ஒரே சொல்லிலே இணைத்து எம் முன்னோர் பிறவாமைக்குப் பெயராக வைத்தனர். பிறப்பைக் குறிக்கும் சொல்லாலேயே பிறவாமையையும் குறித்த அவர்கள் துணிவை என்னென்பது!

பேச்சு வழக்கிலே இன்னும் சில உண்டு. கருவுற்றவளை 'முழுகாமல் இருக்கிறா' என்பது யாழ்ப்பாணத்து நயம். மாதந்தோறும் தோய்கின்ற தோய்வு நின்றது என்று நேரே சொல்லாது, நீராடாமையைச் சொல்லி நிறுத்துவர். கொழும்பிலே பிறந்த எம் மாணவருக்கு இது விளங்கவில்லை. ஒருவன், "ஏன் சேர், தண்ணி இல்லையோ?" என்றான்.

இதுவரை பெறுதலைப் புகழ்ந்தோம். அதன் மறுபக்கத்தை மறைத்தல் நேர்மை ஆகாது. பிள்ளை பேறு ஆனால், பிள்ளையற்றவள் பேறற்றவள் ஆகின்றாள். கொடாதவளை உலகம் குறை சொல்லாது. பெறாதவளையோ ஒரு சொல்லால் கொன்றுவிடுகின்றது. அச்சொல்லை இங்கே எழுத எமக்கு மனமில்லை, யாவரும் அறிவர். ஆங்கில வழக்கின் குளிர்ச்சி இவ்விடத்திலே தமிழ் வழக்கின் வெப்பத்தினும் நல்லது என்று பலமுறை எண்ணியதுண்டு.

எண்ணியதற்குக் காரணம் எம் பெரியம்மா. எம் தாயாரின் தமக்கையார். கொட்டாஞ்சேனையிலே ஒரு மாடிவீட்டின் பின்கட்டில் நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர். நாம் ஐந்தாம் வகுப்பு முதல் கல்லூரி முடியும்வரை அவர் வீட்டிலிருந்தே படித்தோம். பிள்ளை இல்லை. வளைகாப்பு முதலிய வைபவங்களுக்கு உறவினர் சிலர் அவரை அழையார். அழைத்தவர் வீட்டிலும் அவர் சமையற்கட்டை விட்டு முன்னே வாரார். அவராகவே அவ்வெல்லையை வகுத்துக்கொண்டாரா, பிறர் வகுத்தனரா என்பதை அவரிடம் கேட்க எமக்குத் துணிவு வந்ததில்லை. ஆனால், வீட்டுக்கு எவர் வந்தாலும் எம் தோளிலே கைவைத்து, "இவர் என்ரை பெறாமகன்" என்று அறிமுகம் செய்வார்.

பெறாமகன்! ஈழத்துத் தமிழர் அன்றி வேறு எவர் இச்சொல்லைக் கண்டனர்? பெண்ணுக்கு உடன்பிறந்தாள் பிள்ளையும் ஆணுக்கு உடன்பிறந்தான் பிள்ளையும் பெறாமக்கள். மருமகன் வேறு, அவன் முறை வேறு. தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் இச்சொல்லைக் கேட்டுத் திகைத்து, "பெறாதவன் எப்படி மகன் ஆவான்?" என்றார். சொல்லின் அழகே அதுதான். முற்பாதி இல்லை என்கின்றது; பிற்பாதி உண்டு என்கின்றது. அவ்விரண்டுக்கும் நடுவிலே எம் பெரியம்மா ஒரு குடும்பமே கட்டியிருந்தார். எம்முடன் எண்ணி ஏழு பேர் அவருக்குப் பெறாமக்கள்.

2016ஆம் ஆண்டு அவர் காலமானார். மரண அறிவித்தல் எழுதும் பொறுப்பு தமிழாசிரியர் என்ற காரணத்தால் எம்மிடம் வந்தது. எம்மவர் அறிவித்தலின் வாய்பாடு அன்பர் அறிந்ததே: இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னார் இன்னாரின் அருமைத் தாயாரும் என்று செல்லும். மனைவியும் என்பதன் பின் தாயாரும் என்ற வரி வரவேண்டிய இடத்திலே பேனை நின்றது. சுற்றியிருந்தோர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். அவ்வரியை விட்டுவிட்டுச் சகோதரிக்குத் தாவு என்றார் ஒரு மாமா. தாயார் என்றே போடுவோம், யார் கேட்கப் போகின்றார்கள் என்றாள் எம் தங்கை. முன்னையது கொடிது; பின்னையது உண்மையன்று, அவரே விரும்பியிரார். ஈற்றிலே வழக்கிலுள்ள சொல்லையே அவ்விடத்திற்கு ஏற்றினோம். ஏழு பேருடைய பெயரையும் நிரல்பட எழுதி, 'ஆகியோரின் அன்புப் பெரியதாயாரும்' என்று முடித்தோம்.

எழுதியதை எம் தாயார் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் பார்த்தார். பெரியதாயார் என்று நாம் இலக்கணப்படி சேர்த்து எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதைச் சேர்த்து எழுதாதை தம்பி, பிரிச்சு விடு. தாயார் எண்டது தனிய நிற்கட்டும்."

பிரித்தே எழுதிக் கொடுத்தோம். பத்திரிகையிலும் அவ்வாறே வந்தது.